வேகம் மட்டும் போதுமா?

கணினிக்குள் ஒரு குட்டி ஊரைக் கட்டி, அதில் ஆயிரம் பொம்மை மனிதர்களை உலவவிட்டு, ஆளுக்கு இரண்டு விதி கொடுத்தால் ஊர் என்ன ஆகும் என்று பார்க்கிறார்கள். இதை ஏஜென்ட் மாடல் என்பார்கள். தொற்றுநோய், போக்குவரத்து நெரிசல், சந்தை நிலவரம் எல்லாவற்றுக்கும் இப்போது இதுதான்.

இதற்கான மென்பொருள்களை ஒப்பிடும் அட்டவணைகளைப் பார்த்தால் முப்பது வருஷம் புள்ளியியல் நடத்திய எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எது வேகம், எத்தனை லட்சம் பொம்மைகளைத் தாங்கும் என்பதே பேச்சு. ஜாவாவில் எழுதிய மேசானுக்கு மேடை. நெட்லோகோ 'பள்ளிப் பிள்ளைகளுக்கு' என்று ஒரு ஓரம். சமையல்காரரைத் தேடப் போய், அடுப்பு எத்தனை நொடியில் பற்றும் என்று விசாரிப்பதைப் போல!

1971இல் தாமஸ் ஷெல்லிங் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கம்பக்கத்தில் தம்மவர் கொஞ்சம் இருந்தால் போதும் என்று ஒவ்வொருவரும் நினைத்தாலே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று காட்டினார். கட்டங்களில் காசுகளைக் கையால் நகர்த்தியே இதைப் பார்த்தவர் அவர். 2005இல் பொருளாதார நோபல் பெற்றார். அங்கே கணினியின் வேகத்துக்கு என்ன வேலை?

இன்னொன்று சொல்கிறேன். 1992இல் நோவாக்கும் மேயும், சுயநலக்காரர்கள் நடுவிலும் ஒத்துழைப்பவர்கள் பிழைப்பார்கள் என்று ஒரு மாதிரியில் காட்டினார்கள். அடுத்த வருஷமே ஹூபர்மேனும் கிளான்ஸும் அதில் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். எல்லோரும் ஒரே நொடியில் முடிவெடுக்காமல் ஒருவர் பின் ஒருவராக எடுக்கட்டும் என்றார்கள். ஒத்துழைப்பவர்கள் அழிந்தே போனார்கள்! விதி மாறவில்லை, வரிசைதான் மாறியது. நெட்லோகோ ஒவ்வொரு முறையும் வரிசையைக் குலுக்கிப் போடும். மேசானில் யார் முன்னே, யார் பின்னே என்று நாமே எண் கொடுக்கலாம். முடிவையே புரட்டக்கூடிய இந்த வித்தியாசத்துக்கு, நான் பார்த்த அட்டவணைகளில் ஒரு பத்திகூட இல்லை.

கோடிப் பேர் வாழும் நகரத்தை ஓட்டிப் பார்க்க வேகம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் அது கடைசிக் கேள்வி. எழுதிய விதியை அந்தத் துறை தெரிந்தவர் படித்து 'இது தப்பு' என்று சொல்ல முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

2020 மார்ச்சில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மாதிரிக் கணக்கு, பிரிட்டன் ஊரடங்குக்குப் போனதில் பெரும்பங்கு வகித்தது. அதன் நிரல் பொதுவெளிக்கு வந்ததோ ஊரடங்குக்குப் பிறகுதான். கணக்கு சரியா தப்பா என்பது வேறு வழக்கு. கோடிப் பேரை வீட்டுக்குள் வைக்கும் கணக்கை, வைக்கும் முன்பே நாலு பேர் படித்திருக்க வேண்டாமா?

நெட்லோகோவின் மூதாதை, 1967இல் குழந்தைகளுக்காகப் பிறந்த லோகோ மொழி. 'ஆமைகளே, ஓரடி முன்னே போங்கள்' என்பதுபோல அதில் எழுதலாம். ஒரு மருத்துவரோ விவசாயியோ கொஞ்சம் பழகினால் வாசித்துவிடலாம். குழந்தைக்கும் புரிகிறது என்பதை அட்டவணைக்காரர்கள் குறையாக எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தகுதி தெரியவில்லை.