முப்பதாவது கிலோமீட்டர்

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கி.மீ. நடந்தே மலைக்குப் போகும் தமிழக பக்தர்களுக்குப் பழகிய சாலை. மாரத்தான் ஓட்டக்காரர் இதில் இறங்கினால், சந்திரகிரிக் கோட்டை வரும் முன்பே அவரது 42.195 கி.மீ. முடிந்துவிடும். பயிற்சிக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. இன்னொரு மாரத்தானுக்கு உடம்பு தயாரா என்று பார்க்க 30, 32 கி.மீ. போதும் என்பது பயிற்சியாளர்கள் கணக்கு. (ராயலசீமை வெயிலில், விடியுமுன் கிளம்புவது உத்தமம்.) தசையிலும் ஈரலிலும் சேமித்த சர்க்கரை தீர்ந்து கால்கள் கெஞ்சத் தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். முழுத் தூரமும் ஓடிப் பார்த்தால் களைப்பு தீரவே வாரக்கணக்கில் ஆகும்.

ஒத்திகைக்கு வந்தவரே மேடையேறிவிடுவதும் உண்டு. 2016 மும்பை மாரத்தானுக்கு ராணுவ வீரரான வயநாட்டுக்காரர் டி. கோபி வந்தது, நிதேந்திர சிங் ராவத்துக்கு முன்னால் ஓடி வேகம் குறையாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே. இந்த வேலைக்கு வருபவர்கள் வழக்கமாகப் பாதியில் ஒதுங்கிவிடுவார்கள். கோபி ஒதுங்கவில்லை. 2 மணி 16 நிமிடம் 15 விநாடியில், இந்தியர்களில் ராவத்துக்கு அடுத்தவராக முடித்து, ரியோ ஒலிம்பிக்குக்கே தகுதி பெற்றார். ரியோவில் கோபிக்கு 25-ஆம் இடம். ராவத்துக்கு 84.