மலிவாக வாங்கிய மூளை மின்சாரத்தை விழுங்கலாமா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி. வாங்கியவன் காயின் விலையை மட்டும் பார்த்தான். அதை வீடு கொண்டுவந்து சேர்க்க என்ன செலவாகும் என்று பார்க்கவில்லை.

வீட்டிலே கம்ப்யூட்டர் பண்ணை போடுகிறவர்களுக்கு இந்தப் பழமொழி அப்படியே பொருந்தும்.

கம்ப்யூட்டர் பண்ணையா? அது என்ன பண்ணை?

மாட்டுப் பண்ணையில் பல மாடுகள் இருக்கும். கம்ப்யூட்டர் பண்ணையில் பல கம்ப்யூட்டர்கள் இருக்கும். ஓர் அறையில் நாலைந்து கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, இரவும் பகலும் ஓடவிடுவார்கள். அவை வீட்டு வரவு செலவுக் கணக்கைப் போடுவதில்லை. எங்கோ இருக்கும் விஞ்ஞானிகளின் கணக்கைப் போடுகின்றன. அதற்குக் கூலி கிடையாது. அது ஒரு தானம்.

தானம் பிறந்த கதை

வேறு உலகங்களில் அறிவுள்ள உயிர்கள் உண்டா? இந்தக் கேள்வியை வைத்து 1999 மே மாதம் ஒரு திட்டம் தொடங்கியது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. ‘சேட்டி அட் ஹோம்’ என்பது அதன் பெயர்.

வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஒரு ராட்சதத் தொலைநோக்கி பதிவு செய்தது. பதிவுகள் மலைபோலக் குவிந்தன. அவற்றை ஆராயப் பல்கலைக்கழகத்திடம் போதிய கம்ப்யூட்டர்கள் இல்லை. விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? கணக்கைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். இன்டர்நெட் வழியாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் அந்தத் துண்டைப் போட்டு முடித்து, விடையைத் திருப்பி அனுப்பியது.

50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31-ந் தேதியோடு புதிய கணக்குகள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. வேற்று உலக உயிர் எதுவும் அகப்படவில்லை. ஆனால் ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல உலகம் கூடிக் கணக்குப் போடலாம் என்பது நிரூபணமாகி விட்டது.

அதே வழியில் வேறு திட்டங்களும் வந்தன. ‘ஐன்ஸ்டீன் அட் ஹோம்’ அவற்றில் ஒன்று. 2010-ல் அது ஒரு புதிய நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தது. ‘பல்சார்’ என்னும் சுழலும் நட்சத்திரம் அது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும், ஜெர்மனியில் ஒருவருடைய கம்ப்யூட்டரும் போட்ட கணக்கில் அது வெளிப்பட்டது.

இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கிறவருக்கு ஆசை பிறக்கிறது. இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் போதவில்லை. இன்னும் நாலு வாங்கலாமே என்று தோன்றுகிறது. அங்கேதான் சுண்டைக்காய்க் கதை ஆரம்பமாகிறது.

வேகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது

கம்ப்யூட்டரின் மூளைக்கு ‘பிராசசர்’ என்று பெயர். கணக்குப் போடுவது அதுதான். ஒரே பிராசசருக்குள் பல சிறு மூளைகள் உண்டு. அவற்றை ‘கோர்’ என்கிறார்கள். பண்ணை போடுகிறவர் முக்கியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த பிராசசரைத்தான்.

அதிக வேகம் என்று எழுதியிருப்பதை வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கடந்த கால அனுபவமே இதற்குச் சாட்சி.

2004-ல் இன்டெல் நிறுவனம் 3.8 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பென்டியம் 4 பிராசசரை விற்றது. அதன் அளவு 115 வாட். உள்ளே இருந்தது ஒரே ஒரு கோர். அடுத்து 4 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அதே வருடம் அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

2006-ல் அதே நிறுவனம் கோர் 2 டுயோ என்ற பிராசசரைக் கொண்டுவந்தது. அதில் ஒரு ரகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். எண்ணைப் பார்த்தால் வேகம் குறைவு. ஆனால் அதற்குள் இரண்டு கோர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை. அளவோ 65 வாட்தான். வேகத்தின் எண் குறைந்தது, வேலை கூடியது, மின்சாரமும் மிச்சமானது.

ஆகவே பண்ணைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி, “எவ்வளவு வேகம்?” என்பதல்ல. “ஒரு யூனிட் மின்சாரத்தில் எவ்வளவு வேலை?” என்பதுதான்.

பழையது மலிவு, ஆனால்?

செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஒரு மயக்கம் உண்டு. 2012-ல் இன்டெல் வெளியிட்ட சியான் ஈ5-2670 என்ற பிராசசர் பெரிய நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டது. 8 கோர், 115 வாட். புதிதில் 1,500 டாலருக்கு மேல் விலை. நாலு வருடம் கழித்து நிறுவனங்கள் அவற்றைக் கழித்துக் கட்டின. பழைய சந்தையில் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. பண்ணைக்காரர்கள் ஓடி ஓடி வாங்கினார்கள்.

2019-ல் ஏ.எம்.டி. நிறுவனம் ரைசன் 7 3700எக்ஸ் என்ற பிராசசரை 329 டாலருக்கு வெளியிட்டது. அதிலும் 8 கோர்தான். ஆனால் 65 வாட். ஒவ்வொரு கோரும் பழையதைவிட அதிகமாக உழைக்கும்.

எது மலிவு? கடையில் பார்த்தால் பழையது. மீட்டரில் பார்த்தால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காக முழு எண்களை வைத்துக்கொள்ளலாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று 10 ஆயிரம் ரூபாய். அது 200 வாட் இழுக்கிறது. புதியது 35 ஆயிரம் ரூபாய். அது 100 வாட் இழுத்து, பழையதைப்போல இரண்டு மடங்கு வேலை செய்கிறது. மின்சாரம் யூனிட் 8 ரூபாய்.

புதியது ஒன்று செய்யும் வேலைக்குப் பழையது இரண்டு வேண்டும். வாங்க 20 ஆயிரம் போதும். கையில் 15 ஆயிரம் மிச்சம்!

ஆனால் இரண்டும் சேர்ந்து 400 வாட் இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 9.6 யூனிட். புதியதற்கு 2.4 யூனிட்தான். ஒரு நாளைக்கு 7.2 யூனிட் வித்தியாசம். ரூபாயில் 57.60. மாதத்துக்கு 1,728 ரூபாய். மிச்சம் பிடித்த 15 ஆயிரமும் ஒன்பது மாதத்துக்குள் போய்விடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

யூனிட் கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும் இடங்களில் இன்னும் மோசம். பண்ணை எரிக்கும் யூனிட்டுகள் விளக்கு, விசிறி, மிக்சிக்குப் பிறகு வருபவை. அவை மேல்படி விலையில்தான் விழும்.

எத்தனை மணி நேரம்?

அப்படியானால் பழையதைத் தொடவே கூடாதா? அப்படியும் இல்லை.

அதே இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் தினம் 4 மணி நேரம் மட்டும் ஓடினால், ஒரு நாள் வித்தியாசம் 9 ரூபாய் 60 காசுதான். 15 ஆயிரம் ரூபாய் கரைவதற்கு நாலு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கம்ப்யூட்டரே பழுதாகி விடலாம். அங்கே பழையதுதான் லாபம்.

நாள் முழுவதும் ஓடும் கம்ப்யூட்டருக்கு மீட்டரைப் பார்க்க வேண்டும். சிறிது நேரம் ஓடுவதற்கு விலையைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஏற்கனவே ஒன்று இருந்தால், புதிதாக எதுவும் வாங்காமல் அதைப் பயன்படுத்துவதே எல்லாவற்றிலும் சிக்கனம்.

முதலில் வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

எல்லாக் கணக்கும் ஒரே மாதிரி அல்ல. சில கணக்குகள் பிராசசரில் நன்றாக ஓடும். சில கணக்குகளைப் படம் காட்டுவதற்காகச் செய்த ‘கிராபிக்ஸ் கார்டு’ பல மடங்கு வேகமாகப் போட்டுவிடும். நோய்களை ஆராயும் ‘போல்டிங் அட் ஹோம்’ திட்டத்தில் பெரும்பங்கு வேலையைச் செய்வது இந்தக் கார்டுகளே. இன்னும் சில கணக்குகளுக்கு பிராசசர் வேகமாக இருந்தால் போதாது. மெமரியும் வேகமாக இருக்க வேண்டும். பெரிய பகா எண்களைத் தேடும் கணக்கு அந்த வகை. மாப்பிள்ளை யார் என்று தெரியாமல் சட்டை தைக்கக்கூடாது.

பிராசசர் பெட்டியில் எழுதியிருக்கும் வாட் ஓர் அடையாளம்தான். மதர்போர்டு, மெமரி, விசிறி எல்லாமே மின்சாரம் குடிக்கும். அதனால் 4 கோர் உள்ள நாலு கம்ப்யூட்டரைவிட 16 கோர் உள்ள ஒன்றே மேல். மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். மட்டமாக இருந்தால் அதிலும் சேதாரம். பிளக்கில் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொன்று. பல பிராசசர்களின் மின்சார அளவை நாமே குறைத்து வைக்கலாம். ஏ.எம்.டி. 2022-ல் வெளியிட்ட ரைசன் 9 7950எக்ஸ் 170 வாட் ரகம். அதை 105 வாட்டிலோ 65 வாட்டிலோ ஓடும்படி வைக்க அந்த நிறுவனமே வழி செய்திருக்கிறது. மின்சாரம் குறையும் அளவுக்கு வேலை குறைவதில்லை. காசு செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது.

கம்ப்யூட்டர் குடிக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 400 வாட் பண்ணை உள்ள அறையில் 400 வாட் ஹீட்டர் எரிகிறது என்று அர்த்தம். குளிர் நாட்டில் அது உதவி. வெயில் ஊரில் அதை வெளியேற்ற ஏ.சி. போட்டால், அதற்கும் ஒரு பில்.

அடுத்தவர் மின்சாரம்

செலவே இல்லாமல் பண்ணை நடத்த ஒரு வழியைச் சிலர் கண்டுபிடித்தார்கள். வேலை செய்யும் இடத்துக் கம்ப்யூட்டர்களை ஓடவிடுவது! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழிற்கல்லூரி ஊழியர் அப்படிச் செய்தார். அனுமதி இல்லாமல் கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் கூட்டுக் கணக்கை ஏற்றினார். 2001-ல் அவர்மீது குற்ற வழக்குப் பாய்ந்தது. 2002-ல் அது சமரசத்தில் முடிந்தது. சிறைக்குப் போகவில்லை. ஆனால் பணம் கட்டினார், கண்காணிப்பிலும் இருந்தார். அடுத்தவர் பொருளை எடுத்துக் கொடுப்பது தானம் ஆகாது.

தானத்துக்கும் அளவு உண்டு

இந்தத் திட்டங்களில் புள்ளிகள் தருகிறார்கள். யார் முதல், யார் இரண்டாவது என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் புள்ளியைக் கொண்டு கடையில் உப்பும் வாங்க முடியாது. இருந்தாலும் ஒரு படி முன்னேற வேண்டும் என்ற வெறி சிலரைப் பிடித்துக்கொள்கிறது. பண்ணை பெருகுகிறது. பில்லும் பெருகுகிறது. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வைத்திருந்த பணம் மின்சாரத்துக்குப் போனால், அந்தத் தானத்தின் பாரம் பிள்ளைகள் தலையில் விழுகிறது.

பெரிய பண்ணை இருந்தால்தான் பெரிய காரியம் நடக்கும் என்பதும் இல்லை. 2017 டிசம்பரில், அதுவரை அறியப்பட்டதிலேயே மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எண்ணில் 2 கோடியே 32 லட்சத்து 49 ஆயிரத்து 425 இலக்கங்கள்! அதைக் கண்டவர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மின் பொறியாளர். 14 வருடம் பொறுமையாகத் தேடினார். கடைசிக் கணக்கைப் போட்டது இன்டெல் ஐ5-6600 என்ற சாதாரண பிராசசர். 4 கோர், 65 வாட். ஓயாமல் 6 நாள் ஓடி விடை சொன்னது. 65 வாட் வீதம் பார்த்தால், அந்த 6 நாளுக்கு பிராசசர் குடித்த மின்சாரம் 10 யூனிட்டுக்கும் குறைவு.

ஆகவே பண்ணை போட விரும்புகிறவர் கடைக்குப் போகுமுன் வீட்டாரோடு உட்கார வேண்டும். மாதம் எத்தனை ரூபாய் மின்சாரத்தை இந்தத் தானத்துக்குத் தரலாம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தொகைக்குள் அதிக வேலை செய்யும் பிராசசர் எது என்று பிறகு தேட வேண்டும். பில் வரும் நாளில் வீட்டில் சண்டை வராது. விஞ்ஞானிகளுக்கும் உதவி தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.