மழை பார்த்த கூரை



மாசி பிறந்துவிட்டால் எங்கள் அருமனை சந்திப்பில் இந்தப் பேச்சு காதில் விழும்: "ஜூன் மழைக்கு முன்னால மாடிக்கு ஷீட் போட்டிரணும். நம்பிக் கொடுக்க நல்ல ஆளு யாராவது உண்டா?"

நமக்கு ஆண்டுக்கு இரண்டு மழை. தென்மேற்கு ஓய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடும். கான்கிரீட் ஒழுகினால் இரும்பு பைப்பில் ட்ரஸ் கட்டி ஷீட் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. துணி காயும், ரப்பர் ஷீட்டும் உலரும். ஆனால் அதற்குப் போவது சீட்டு பிடித்துச் சேர்த்த பணம். யாரை நம்பிக் கொடுப்பது?

எங்கள் வீட்டில் முதலில் குறைந்த ரேட் சொன்னவரிடம் கொடுத்தோம். ஷீட் பளபளவென்று இருந்தது. மாடிப்படி அறையின் சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில் சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஜூனில் அந்தச் சிமெண்ட் வெடித்து, தண்ணீர் சுவர் வழியே ஸ்விட்ச்போர்டு வரை இறங்கியது. போன் செய்தால், "நாளைக்கு வாறேன்." அந்த நாளை மூன்று மாதம் நீண்டது.

பிறகு வந்தவர் ரேட்டே சொல்லவில்லை. ஏணி கேட்டார். மேலே ஏறி ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ரப்பர் வாஷர் விரல் பட்டதும் உதிர்ந்தது. "இதுல மிச்சம் பிடிச்சிருக்காரு" என்றார். சுவரில் காடி வெட்டி, தகரப் பட்டையைச் செருகி, அதன்மேல் பூசினார். அதன்பிறகு அங்கே ஒழுகவில்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வேலை கேட்டு வருகிறவர் போன மாதம் முடித்த வேலையைப் பார்க்காதீர்கள். இரண்டு மழைக்காலம் கண்ட கூரை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டம்மாவிடம் பேசுங்கள். மழைக்கு எந்த மூலையில் வாளி வைக்கவேண்டும் என்பது அவருக்குத்தானே தெரியும்?

2017 நவம்பர் 30-ஐ நாம் மறக்க முடியுமா? ஒக்கி புயல் அடித்த அன்று ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்ததோடு, கூரைகளும் பறந்தன. பக்கம் திறந்த கூரைக்குள் காற்று புகுந்தால் அடியிலிருந்து மேலே தூக்கும். ட்ரஸ்ஸின் கால்களைக் கைப்பிடிச் சுவரின் செங்கலில் நிறுத்துகிறாரா, கான்கிரீட்டில் பிளேட் வைத்து போல்ட் அடிக்கிறாரா? இதைக் கேட்டால் எரிச்சல்படுகிறவர் வேண்டாம்.

நல்ல கம்பெனி ஷீட்டின் அடிப்பக்கத்தில் பெயரும் கனமும் அச்சடித்திருக்கும். 0.50 மி.மீ. என்று பேசிவிட்டு 0.40 வந்து இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. அச்சைப் படித்தால் தெரியும். ஏற்றுவதற்கு முன் படியுங்கள். எஸ்டிமேட்டிலும் கம்பெனி, கனம், பைப் அளவு எல்லாம் எழுதி வாங்குங்கள். சதுர அடியைத் தரையில் அளப்பதா, சரிவில் அளப்பதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கடைசி நாள் சண்டை பெரும்பாலும் அதில்தான் வருகிறது. பணத்தை வேலைக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். ஒரு பங்கு முதல் மழை வரை உங்களிடமே இருக்கட்டும்.

மேலே ஏறுகிறவர்களுக்கு இடுப்புக் கயிறும், கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையும் உண்டா என்றும் விசாரியுங்கள். அவர்களும் நம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்தானே.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஏமாற்றப்பட்டால் இரண்டு ஆண்டுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. நம்மில் பலர் "போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். விடாதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவர், முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை கூப்பிடாமலே வந்து நின்றார். மாடியேறி, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். தண்ணீர் வடியும் பாத்தியில் அடைத்திருந்த ரப்பர் இலைகளைக் கையாலேயே அள்ளிப் போட்டார். நான் மீதிப் பணத்தை எடுத்துவர உள்ளே போனேன்.

அன்புடன்,
ஆசிரியர்