கோடு காட்டும் அழகு

புது மோஸ்தர் உடைகளைச் சித்திரமாக வரைவது கலையா, துணி வியாபாரத்துக்கு அடிக்கும் தமுக்கா என்று கேட்பவர் உண்டு. இரண்டும்தான் என்போம். ஆனால், தமுக்கு ஓய்ந்த பிறகும் சித்திரம் நிலைத்துவிடுகிறதே!

'வோக்' பத்திரிகையின் அட்டையை ஆதியில் சித்திரக்காரர்களே அலங்கரித்து வந்தார்கள். 1932-ஆம் வருஷம் ஜூலையில் அங்கே வர்ணப் புகைப்படம் குடியேறிற்று. நாளடைவில் தூரிகைக்கு மவுசு குறைந்தது. ஆயினும், தியோர் கம்பெனியின் வாசனைத் திரவியத்துக்காக ரெனே குருவோ வரைந்த, முத்துமாலை அணிந்த அன்னத்தை ரஸிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

லண்டன் சித்திரக்காரர் டேவிட் டவுன்டன் ஒரே உருவத்தைப் பலமுறை வரைவார். பிறகு வேண்டாத கோடுகளை ஒவ்வொன்றாகக் களைவார். எஞ்சிய சில கோடுகளிலே பட்டின் மினுக்கும் தெரியும். அணிந்தவளின் மிடுக்கும் தெரியும். காமிரா எதிரே உள்ளதையெல்லாம் காட்டுகிறது. சித்திரக்காரரோ காணவேண்டியதை மட்டும் காட்டுகிறார்.

இதில் சிக்கனமும் உண்டு. 'வோக்' இத்தாலியப் பதிப்பின் 2019 செப்டம்பர் இதழுக்குப் படம் பிடிக்க 150 பேரும், சுமார் 20 விமானப் பயணங்களும் தேவைப்பட்டதாக அதன் ஆசிரியரே கணக்குச் சொன்னார். 2020 ஜனவரி இதழின் அட்டைகளைச் சித்திரக்காரர்களிடம் ஒப்படைத்தார். மிச்சமான பணம், வெள்ளத்தில் சேதமுற்ற வெனிஸ் நகரத்துக் கலாஸ்தாபனம் ஒன்றுக்குப் போயிற்று.

காகிதமும் மையும் எளிதில் கிடைக்கும். தேர்ந்த கண்தான் அருமை. குழந்தை கோடு கிழிக்கும்போது, "பாடத்தைப் படி" என்று காகிதத்தைப் பிடுங்குமுன் சற்றே யோசிப்போமாக.