பெட்டியில் அச்சிட்ட எண் மானைச் சாய்ப்பதில்லை

பினாங்கில் வேட்டைப் பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடும். குண்டு மானின் உடம்புக்குள்ளேயே நின்றுவிட வேண்டுமாம்; அப்போதுதான் அதன் சக்தி முழுவதும் உள்ளே இறங்குமாம்; மறுபக்கம் துளைத்துக்கொண்டு போனால் சக்தி வீணாம். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சக்தி எண்ணும் அதற்குத் துணை நிற்கிறது.

தீபகற்ப மலேசியாவில் மிளா, கேளையாடு இரண்டையும் சுட உரிமம் தருவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. புலிக்கு இரை குறைந்துபோனதால் வந்த தடை அது. வர வேண்டிய தடைதான். அதனால் இங்கே இந்த நம்பிக்கை பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு நிற்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம்மவர்களில் சிலர் விக்டோரியா மாநில மலைக்காடுகளில் ரைஃபிளோடு மிளா தேடிப் போகிறார்கள். நம் பக்கத்து மிளாவேதான் அது. 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விடப்பட்டு அங்கே பெருகியது. இந்த நம்பிக்கையோடு போகிறவர் லேசான, பட்டதும் சிதறும் குண்டைத் தேடி வாங்குவார். அதற்கான வேதனையை மான் அனுபவிக்கிறது. தோள் சதை கிழிந்து, நுரையீரலில் கீறல்கூட இல்லாமல், பள்ளத்தாக்கில் இறங்கி நாள்கணக்கில் கிடந்து சாகிறது.

முதலில், சக்தி மானை அடித்துச் சாய்க்கிறது என்பதைப் பார்ப்போம். .308 வின்செஸ்டர் ரைஃபிளில் 150 கிரெய்ன் குண்டு, அதாவது ஏறத்தாழ 9.7 கிராம், நொடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதன் சக்தி 3,600 ஜூல் அளவு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதை முழுவதும் வெப்பமாக்கினாலும் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கக் காணாது. தள்ளும் கணக்கு இன்னும் மோசம். அந்தக் குண்டு முழுசாக உள்ளே நின்றால்கூட 200 கிலோ மிளாவை நொடிக்கு 4 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்த்த முடியும். சுடுபவரின் தோளில் இடிக்கும் உந்தத்தைவிட மான்மேல் விழும் உந்தம் அதிகமாக இருக்க முடியாது. தோள் தாங்குகிறது, அவரைவிட இரண்டு மூன்று மடங்கு கனமான மிருகம் எப்படிப் பறந்து விழும்? நின்ற இடத்திலேயே மான் சுருண்டு விழுந்தால், பெரும்பாலும் குண்டு முதுகெலும்பையோ மூளையையோ தொட்டிருக்கிறது என்று பொருள்.

மற்ற மான்கள் இரத்தம் இழந்து சாகின்றன. இதயத்திலும் இரண்டு நுரையீரலிலும் ஓட்டை விழுந்தால் இரத்த அழுத்தம் சரிகிறது, மூளைக்குப் போகும் ஆக்சிஜன் நிற்கிறது, பத்துப் பதினைந்து நொடிகளில் நினைவு தப்புகிறது. அந்த நொடிகளில் மான் நூறு மீட்டர்கூட ஓடிவிடும். குறி சரியாக இருந்தும் ஓடும். அம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டை வில்லிலிருந்து பாயும் அம்பின் சக்தி 100 ஜூல் சுற்றளவுதான். ரைஃபிள் குண்டின் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. கூர்மையான முனை மார்பைக் கடந்து மறுபக்கம் வந்துவிட்டால் அந்த அம்பும் மானைக் கொல்கிறது. சக்திதான் கொல்கிறது என்பவர் இந்த ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

வெளியேறும் குண்டு சக்தியை வீணாக்குகிறது என்பதைக் கணக்கே மறுக்கிறது. சக்தி வேகத்தின் இருமடிப்படி ஏறி இறங்குவது. மானுக்குள் நுழைந்த வேகத்தில் கால்பங்கோடு வெளியேறும் குண்டு, எடை குறையாமலே போனாலும், பதினாறில் ஒரு பங்கு சக்தியைத்தான் எடுத்துப்போகிறது. மற்றதெல்லாம் உள்ளேதான் செலவாகியிருக்கிறது. அந்த மிச்சத்துக்காகவா அழுகிறோம்?

இந்த எண்ணம் வேர்விட்ட இடங்களில் ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. 1880களின் இறுதியில் பிரிட்டிஷ் படையின் .303 ரைஃபிளில் உலோக உறை முழுவதும் மூடிய குண்டு வந்தது. எல்லைப்புறப் போர்களில் அது ஆளைத் துளைத்துப் போகிறது, ஆனால் ஆள் நிற்பதில்லை என்று புகார் எழுந்தது. கல்கத்தாவை ஒட்டிய டம் டம் படைக்கலத் தொழிற்சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே முனையில் உறையை நீக்கி, பட்டதும் விரியும் குண்டைச் செய்தார். மனிதர்மேல் அதைப் பயன்படுத்துவதை 1899 ஹேக் பிரகடனம் தடுத்தது. வேட்டைக்கு விரியும் குண்டே சரி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டம் டம் குண்டு அகலமான ஓட்டை போட்டதால்தான் வேலை செய்தது. பழைய குண்டின் குறை அது போட்ட ஓட்டையின் ஒடுக்கம். வெளியேறியதைக் குறையாகச் சொன்னதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

யூடியூபில் ஜெலட்டின் கட்டியைச் சுட்டுக் காட்டுகிறார்களே, அதில் பலூன் மாதிரி உப்பி அடங்கும் குழியைக் காட்டி இதுதான் சக்தி என்கிறார்கள். அமெரிக்க இராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் 1980களில் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வுக்கூடத்தில் இதே ஜெலட்டினை வைத்துத்தான் இருவகைக் குழிகளைப் பிரித்துக் காட்டினார். குண்டு நசுக்கி உண்டாக்கும் நிலையான ஓட்டை ஒன்று. திசு ஒரு கணம் விலகித் திரும்பும் தற்காலிகக் குழி இன்னொன்று. ஈரல் விலகலைத் தாங்காமல் பிளந்துவிடும். நுரையீரல் பஞ்சு மாதிரி நெகிழ்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். நாம் குறிவைப்பது நுரையீரலை.

சட்டமே சக்தியைக் கேட்கிறதே என்பார்கள். உண்மைதான். இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் ரைஃபிளுக்குக் குறைந்தபட்சம் 1,700 அடி-பவுண்டு கேட்கிறது. ஆனால் அது சோப்ளாங்கித் தோட்டாக்களை வடிகட்டப் போட்ட கீழ்வரம்பு. குண்டு உள்ளே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. மிளாவை நன்கறிந்த விக்டோரியாவோ .270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன் எடையும் கேட்கிறது. கனமான குண்டு ஆழமாகப் போகும் என்பதே அதன் பொருள்.

ஆழம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை வேட்டைக்காரர் ஜான் நாஸ்லர் 1946இல் கனடாவில் கண்டார். சேறு காய்ந்து பொருக்குக் கட்டிய தோலுள்ள மூஸ் மான் மேல் அவர் சுட்ட வேகமான குண்டுகள் மேலேயே நொறுங்கின. முன்பாதி விரிய, பின்பாதி கட்டுக்குலையாமல் உள்ளே போகும் குண்டை அவர் உருவாக்கியது அதற்குப் பிறகுதான். வெளியேறும் குண்டால் இன்னொரு நன்மையும் உண்டு. மிளாவின் தடித்த தோலில் நுழைவு ஓட்டை சிறியது. கொழுப்பும் மயிரும் அடைத்துக்கொள்ளும். மறுபக்க ஓட்டையிலிருந்துதான் இரத்தம் கொட்டுகிறது. மழை நனைத்த பெரணிப் புதரில், மான் உரசிப்போன உயரத்தில் இலையின் அடிப்புறம் பூசிய சிவப்பைப் பார்த்துத்தான் தடம் பிடிக்க முடியும். அது இல்லையென்றால் நாற்பது மீட்டரில் செத்துக்கிடக்கும் மானையும் விட்டுவிட்டுத் திரும்புவோம்.

சிதறும் குண்டின் இன்னொரு கேடு கறியில் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாக வந்த மான்கறியைப் படமெடுத்துப் பார்த்தபோது ஈயத் துணுக்குகள் தெரிந்தன. அந்தக் கறியை விநியோகிக்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். டென்மார்க் 2024இல் வேட்டை ரைஃபிளுக்கும் ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டது. ஈயத்துக்குப் பதிலாக வந்திருக்கும் செம்புக் குண்டு பொதுவாகச் சிதறுவதில்லை, எடையும் அதிகம் இழப்பதில்லை, பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறுகிறது.

எதிர்த்தரப்பில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வெளியேறும் குண்டு பின்னால் நிற்கும் இன்னொரு மானையோ ஆளையோ தாக்கலாம். அதனால் பின்னால் மண்மேடு இல்லாத மானைச் சுடக் கூடாது. உள்ளே தங்கும் குண்டு வைத்திருப்பவருக்கும் இதே விதிதான். குறி தவறினால் அவருடைய குண்டும் எங்கும் தங்கப்போவதில்லை.