தேங்காய் நின்னா நம்பறோம், பையனை நம்ப மாட்டமா?

என்ற பையன் கோயமுத்தூர்ல அவனோட ராக் பேண்டுல ட்ரம்ஸ் வாசிச்சதை முதல் வரிசையில உக்காந்து பாத்தேனுங்க. கிட்டார் இரைச்சல்ல பாட்டு வரி ஒண்ணும் விளங்கலை. ஆனா அடி விளங்குச்சு. எங்கூர் நோம்பிக்கு உருமியும் பெரிய மேளமும் சேர்றப்ப நெஞ்சுக்குள்ள அதிருமே, அதேதான். பெருமையா இருந்துச்சு, அதை எதுக்கு மறைக்கணும்?

படிப்பு முடிஞ்சதும் ஒரு வருசம் டைம் கேக்கறான். 'பாட்டு சோறு போடுமா?'ங்கறாங்க ஒரம்பரைங்க. அவிய யாருங்கறீங்க? நீரோட்டம் பாக்க வந்தவர் உள்ளங்கையில தேங்காய் எந்திரிச்சு நின்னதை நம்பி, கடன் வாங்கி ஆயிரம் அடிக்குப் போர் போட்டவிய. வெறும் புகை வந்தாலும் அடுத்த வருசம் வேற மூலையில போடுவாங்க. அதுக்குப் பேரு விவசாயம். பையன் கேட்டா மட்டும் சூதாட்டம்!

2017-ல வந்த 'மீசைய முறுக்கு' படத்தில் நம்ம கோயமுத்தூர் ஹிப்ஹாப் தமிழா ஆதி தன்னோட கதையைத்தான் சொன்னார். அதில் அப்பாவா வர்ற விவேக், பையன் சென்னைக்குப் போக ஒரு வருசம் கொடுப்பார். தியேட்டர்ல கைதட்டினது இதே ஒரம்பரைதானுங்க.

ஒரு போர் போடற காசுல சென்னையில ஒரு வருசம் ஓட்டிறலாம். நான் சரின்னுட்டேன். அவங்கம்மா இன்னும் ஒத்துக்கலை.