ராயப்பேட்டைக்கு வழி

ராயப்பேட்டை சர்க்கார் வைத்தியசாலை 1911-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அன்று முதல் நகரத்தின் பல திசைகளிலிருந்தும் ஏழை எளிய ஜனங்கள் அதைத் தேடி வந்தவண்ணம் இருக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் சொந்த வாகனம் இல்லாதவர்கள். பஸ்ஸையும் ரயிலையும் நம்பியே வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள். உரிய வேளைக்குள் போய்ச் சேராவிடில், அன்றைய கூலியும் போய், வைத்தியமும் கிட்டாமல் திரும்ப நேரிடும். ஆதலின், எதில் ஏறுவது, எங்கே மாறுவது, எவ்வளவு நேரமாகும் என்னும் மூன்று கேள்விகளும் அவர்களுக்கு அற்ப விஷயங்கள் அல்ல. இவற்றுக்கு விடை கூறும் கடமை யாருடையது? பிரயாணியுடையதா, வண்டியை நடத்துவோருடையதா? இதுவே நாம் இன்று கேட்க விரும்புவது.

சென்னையில் வாகன வசதியே இல்லையென்று குறை கூறுவதற்கில்லை. 1895-ல் இந்நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. 1953-ல் டிராம் நின்றது, பஸ்கள் பெருகின. பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கத்தையும், 1997-ல் மயிலையையும், 2007-ல் வேளச்சேரியையும் எட்டியது. 2015-ல் மெட்ரோ ரயில் ஆரம்பமாயிற்று. 2021 முதல் சாதாரண பஸ்களில் ஸ்திரீகள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். இவை யாவும் நகரவாசிகள் பெருமை கொள்ளத்தக்க காரியங்களே.

ஆயினும் ராயப்பேட்டையின் நிலைமையைக் கவனியுங்கள். பறக்கும் ரயில் அதற்குக் கிழக்கே திருவல்லிக்கேணி வழியாகச் செல்கிறது. மெட்ரோ ரயில் மேற்கே அண்ணா சாலையின் அடியில் ஓடுகிறது. ஆவடியிலிருந்து வைத்தியசாலைக்கு வரும் ஒருவர் புறநகர் ரயிலில் சென்ட்ரலை அடைந்து, மெட்ரோவில் ஏறி, இரண்டாவது நிலையமான எல்.ஐ.சி.யிலோ மூன்றாவதான ஆயிரம் விளக்கிலோ இறங்கலாம். தாம்பரத்திலிருந்து வருபவர் கிண்டியில் அவ்வாறே மாறலாம். இறங்கிய பின் பஸ்ஸோ ஆட்டோவோ தேட வேண்டும். புறநகர் ரயில் தெற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. மெட்ரோ, மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் கூட்டாக நடத்தும் கம்பெனி. பஸ் மாநகர்ப் போக்குவரத்துக் கழகத்தினுடையது. ஒவ்வொருவரும் தத்தம் வண்டியைப் பற்றி மட்டுமே பேசுகின்றனர். மூன்றையும் சேர்த்துத் தைக்கும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் வைத்தியசாலையின் பெயராலேயே ஒரு நிலையம் அமையவிருப்பது நல்ல செய்தி. ஆனால் இன்னொரு வண்டி வருவதனால் மட்டும் இத்தையல் வேலை ஒழிந்துவிடாது.

அதிகாரிகள் இதை அறியாதவர்கள் அல்லர். போக்குவரத்தையெல்லாம் ஒருமுகப்படுத்த 2010-ம் வருஷத்திலேயே ஒரு சட்டம் செய்யப்பட்டது. அதன்கீழ் ஏற்பட்ட ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தின் முதற் கூட்டம் நடைபெற்றதோ 2022-ல். 2025-ல் ‘சென்னை ஒன்று’ என்னும் கைப்பேசிச் செயலி வந்தது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் அதில் ஒரே சீட்டு வாங்கலாம், வழியையும் அறியலாம். தாமதமாக வந்தாலும் இதனை மனமார வரவேற்கிறோம்.

ஆனால் செயலியோடு கடமை தீர்ந்துவிட்டதென்று எண்ணுவது பெரும் பிழை. கைப்பேசி இல்லாதவர், இருந்தும் அதை இயக்கத் தெரியாதவர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதியோர் ஆகியோரே பஸ்ஸை அதிகம் நம்பியிருப்போர். டிராம் ஓடிய காலத்தில் தெருவில் கிடந்த தண்டவாளமே வழி சொல்லிற்று. பஸ்ஸுக்கு அத்தகைய சுவடு கிடையாது. நிறுத்தத்துக் கம்பம் பேசினாலன்றிப் பிரயாணிக்கு வேறு துணை ஏது? நமது நகரின் எத்தனையோ நிறுத்தங்களில் அக்கம்பம் ஊமையாக நிற்கிறது. எத்தனையோ இடங்களில் கம்பமே இல்லை. ‘இந்த வண்டி ராயப்பேட்டை போகுமா?’ என்று ஓடிக்கொண்டே கேட்டு, நடத்துநரின் தலையசைப்பை நம்பி ஏறுவதுதான் இன்றும் பலருடைய பிரயாணத் திட்டம்.

பிற தேசத்தார் இதை எப்படிச் சமாளித்தனர்? லண்டனில் ஹாரி பெக் என்னும் படம் வரைபவர் தயாரித்த சுரங்க ரயில் படம் 1933-ல் வெளியாயிற்று. தூரக் கணக்கை விடுத்து, எந்த நிலையத்துக்குப் பின் எது, எங்கே மாறுவது என்பதை மட்டும் அது காட்டிற்று. பிரயாணிக்கு வேண்டியது அதுவே என்பதை உலகம் உணர்ந்துகொண்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரமோ 1965-லேயே பல நிர்வாகங்களை ஒரே அமைப்பின்கீழ்க் கொணர்ந்து, பொதுவான கட்டணத்தை ஏற்படுத்தியது. இவ்விரண்டில் முன்னதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. பிரயாணியின் இடத்திலிருந்து பார்க்கும் மனம் ஒன்றே தேவை.

நெரிசலில் பஸ்கள் சிக்கிக்கொள்ளும் ஊரில் நேரத்தை எழுதி வைத்து என்ன பயன் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நிமிஷக் கணக்கு தவறக்கூடும் என்பது வாஸ்தவமே. எனினும் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி, முதல் வண்டி எப்பொழுது, கடைசி வண்டி எப்பொழுது என்பதைச் சொல்ல முடியாத நிர்வாகம் உண்டா? எழுதி வைத்தால்தான் சொன்னபடி வண்டி வந்ததா என்று ஜனங்கள் கேட்க முடியும். எழுதாத வரையில் தவறு எவருடையதும் அன்று. காத்து நின்றவனுடைய தலைவிதியாகவே முடிகிறது.

ஆகவே குழுமத்தார் ராயப்பேட்டையிலிருந்தே இவ்வேலையைத் தொடங்க வேண்டுகிறோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டிகளின் எண்ணும் செல்லும் ஊர்களும் மாறுமிடங்களும் பெரிய தமிழ் எழுத்தில் பொறிக்கப்படட்டும். எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு நிலையங்களின் வாயிலில், வைத்தியசாலைக்குச் செல்லும் வழியும் பஸ் நிற்கும் இடமும் குறிக்கப்படட்டும். நிலையத்துக்கும் நிறுத்தத்துக்கும் இடையே தடங்கலின்றி நடக்க நடைபாதை இருக்கட்டும். வண்டிகள் ஜனங்களின் வரிப்பணத்தில் ஓடுகின்றன. அவை எங்கே போகின்றன என்பதை அந்த ஜனங்களுக்குச் சொல்வது தயவு அன்று, கடமை.